குழாய் ஸ்பீக்கரும் அரைக்காது ரசிகரும்: கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் சிறந்த ஆல்பங்கள் தீர்மானிக்கப்பட்ட முறை குறித்து ஓர் ஆய்வு

உலகின் சிறந்த ஆல்பங்கள் எவை என்று பத்திரிகைகள் அவ்வப்போது பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியல்களில் ஆய்வு நெறி சார்ந்த ஒரு பெருங்குறை உண்டு. அவற்றைத் தயாரித்தவர்கள் எல்லாரும் பாட்டை உட்கார்ந்து கேட்டவர்கள். உட்கார்ந்து, கண்ணை மூடி, உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த ஆல்பமும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் அந்த வசதி யாருக்கும் இருந்ததில்லை. பால்மரம் சீவிக்கொண்டும், பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டும், கோழியை விரட்டிக்கொண்டும் கேட்டவர்களே இங்கு ரசிகர்கள். இவர்களை இக்கட்டுரை அரைக்காது ரசிகர் என்று அழைக்கும். மீதி ஒன்றரைக் காது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிடுகிறாரா என்று கவனிப்பதற்காக ஒதுக்கப்பட்டது.

ஆய்வு எல்லை தெற்கே ஈஜோக், ஜெராம். கிழக்கே புக்கிட் தாகார். நடுவே பத்தாங் பெர்ஜுந்தை. இந்தக் கடைசி ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் ஆய்வுக்குரிய கேசட்டுகள் யாவும் பழைய பெயரின் காலத்தவை என்பதால் பழைய பெயரே இங்கு ஆளப்படுகிறது. வடக்கே தஞ்சோங் காராங் வரை போகலாம்தான். அங்கே நெல் வயல். நெல்லுக்கும் திரையிசைக்கும் உள்ள உறவைத் தனியாக ஒருவர் ஆராய வேண்டும்.

இசை வரலாற்றை இளையராஜாவில் தொடங்குவார்கள், அல்லது ஜி. ராமநாதனில் தொடங்குவார்கள். நான் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரில் தொடங்குகிறேன். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக இந்நாட்டில் முதன்முதலில் நட்டவர் இவர். பிறகு 'மலேஸி' என்று ஒரு நாவல் எழுதி 1930இல் கோன்கூர் விருதும் வாங்கினார். இலக்கியக்காரர்கள் இவரை அறிவார்கள், எண்ணெய் வியாபாரிகள் அறிவார்கள், இசை ஆய்வாளர்கள் மட்டும் கண்டுகொண்டதில்லை. ரப்பர்க் காட்டில் மரங்கள் வழவழப்பாக, இடைவெளி விட்டு நிற்கும். கிளையில் டிரான்சிஸ்டரை மாட்டிவிட்டால் நாலு வரிசை தள்ளி நிற்பவருக்கும் கேட்கும். செம்பனை ஓலை அப்படியல்ல. இலை தழை அடர்ந்த இடத்தில் மேல் சுருதி முதலில் சாகும் என்பது இயற்பியல். போதாக்குறைக்கு நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் அறுத்த குலை, இருபது கிலோ கனத்தோடு தொப்பென்று விழும். சரணத்தின் நடுவே அது விழுந்தால் தாளம் இரண்டாகப் போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் பி. சுசீலாவின் மதிப்பு சரிந்ததற்கும் டி.எம். சௌந்தரராஜனின் மதிப்பு அசையாமல் நின்றதற்கும் இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி மையக் கருதுகோளுக்கு வருவோம். ஒரு தோட்டத்தின் இசை ரசனை என்பது அத்தோட்டத்துக் கோயிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் ரசனையே. மனிதர்கள் அதை வழிமொழிந்தார்கள், அவ்வளவுதான்.

சான்று காண்க. குழாய் ஸ்பீக்கர் நொடிக்கு முந்நூறு, நானூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய விழுங்கிவிடும். அதன் வாய் அகலமும் தொண்டை நீளமும் அதற்குக் கீழே இறங்க இடம் கொடுக்காது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஆகவே சென்னையில் ஒரு கலைஞர் விரல் நோக வாசித்த பேஸ் கிட்டார், கடல் தாண்டி, கடை தாண்டி, கேசட்டுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்து, மாரியம்மன் கோயில் அரசமரத்துக் கிளையில் கட்டிய குழாயின் தொண்டையில் மாண்டது. 1980களின் இளையராஜாவை இங்குள்ள ஒரு தலைமுறை முழுக்க இடுப்புக்கு மேலேதான் கேட்டிருக்கிறது. அன்னாரின் பேஸ் கிட்டார் பற்றி அறிஞர்கள் சிலாகித்து எழுதும்போது இவ்வட்டாரப் பெரியவர்கள் "அப்படியா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

குழாய்த் தேர்வில் தேறியவர்கள் யார் என்பது இப்போது விளங்கும். எல்.ஆர். ஈஸ்வரி முதல் வகுப்பு. அவருடைய அம்மன் பாடல் கேசட் ஆடி மாதத்தில் அதிகாலையிலேயே லயத்துக் கடைசி வீட்டுப் பரண் வரைக்கும் போய்ச் சேரும். கே.பி. சுந்தராம்பாள், சீர்காழி கோவிந்தராஜன், சூலமங்கலம் சகோதரிகள், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரம் எல்லாம் அடுத்தடுத்து. பி.பி. ஸ்ரீநிவாஸ் பாவம். அந்தக் குரல் குழாய் வழியே வந்தால் பக்கத்து லயத்தில் யாரோ உடம்பு சரியில்லாமல் முனகுவதாகத் தோன்றும். தலையணை ஓரத்து டிரான்சிஸ்டருக்கு ஏற்ற கலைஞரை அரசமரத்தில் ஏற்றியது யார் குற்றம்?

முதலிடம் பெற்ற ஆல்பத்தைச் சொன்னால் நகரத்து வாசகர் நம்பத் தயங்குவார். அது 1984இல் வந்த 'விதி' படத்தின் கதை வசனக் கேசட். ஆரூர்தாஸின் வசனம், வக்கீலாக சுஜாதா, நீதிமன்றத்தில் விவாதம். மனிதப் பேச்சு குழாய் ஸ்பீக்கரின் எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது; ஓர் எழுத்துகூடச் சேதமாகாது. தொட்டியில் துணி துவைக்கும் அக்காமார்கள் குறுக்கு விசாரணைக்குச் சாட்சியைவிட அரை நொடி முன்னதாகப் பதில் சொல்வார்கள். ஆல்பம் என்றால் பாட்டு இருக்க வேண்டும் என்பது உட்கார்ந்து கேட்பவர்களின் மூடநம்பிக்கை.

கேசட்டின் உடற்கூறு பற்றியும் சிறிது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சாதனத்தில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டின் நீளத்துக்கும் இந்த முப்பதுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ரெக்கார்டிங் கடைக்காரர் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டை இடம் இருக்கும்வரை ஓடவிட்டு, நாடா தீர்ந்ததும் தம் கடமையும் தீர்ந்ததாகக் கருதுவார். இதனால் முடிவே கேட்டிராத பாடல்கள் குறித்து அழுத்தமான அபிப்பிராயம் கொண்ட ஒரு சமூகம் உருவாயிற்று. எங்கள் வீட்டுக் கேசட்டில் முதல் பக்கம் 'தளபதி', மறுபக்கம் 'சின்னத் தம்பி'. இரண்டும் 1991. 'தளபதி'யில் யேசுதாசும் ஜானகியும் பாடிய ஒரு பாட்டு படத்தில் வரவே இல்லை. கேசட்டில் மட்டுமே உயிர் வாழ்ந்தது. எங்கள் கேசட்டிலோ அதுவும் பல்லவியோடு நின்றது. படத்துக்கும் வேண்டாம், கடைக்காரருக்கும் வேண்டாம் என்று இரு முறை ஒதுக்கப்பட்ட அந்தப் பாட்டின்மேல் லாரி ஓட்டிய என் மாமாவுக்குத் தனிப் பாசம். "பாவம்டா தம்பி, முழுசாப் பாட விடமாட்டேங்கிறானுங்க" என்பார். அதே படத்தின் ராக்கம்மா பாட்டை 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகத்தார் நான்காம் இடத்தில் வைத்தார்கள். மாமா அதில் கலந்துகொள்ளவில்லை.

லாரி முகப்பில் வெயிலில் கிடந்த நாடா இளகி, பாடகர்கள் எல்லாரும் அரைச் சுருதி இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பாடுவதையும் ஒரு பாணியாக ஏற்றுக்கொண்டவர் அவர். புதுக் கேசட்டைக் கேட்டுவிட்டு "என்னா இவ்வளவு அவசரம்?" என்றார்.

அரைக்காது ரசிகரின் மிகக் கடினமான சோதனை 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் இளையராஜா வெளியிட்டு, தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கிய வாத்திய இசை ஆல்பம். வயலின் வி.எஸ். நரசிம்மன். கேசட் உறையில் ராஜாவின் பெயரைப் பார்த்து வாங்கிவந்தவர் முதல் பக்கம் முழுக்க எஸ்.பி.பி. எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தார். ஆரம்பிக்கவில்லை. சரி, மறுபக்கத்தில் பாடுவார் என்று திருப்பிப் போட்டார். கடைசியில், இது படப்பாட்டுகளின் முன்னிசையை மட்டும் வெட்டி ஒட்டி விற்கும் மோசடி என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அதே ஆல்பத்தைக் கல்யாணப் பந்தி நேரத்தில் போட்டபோது, யாரும் பேச்சை நிறுத்த வேண்டாம், சோறு வைப்பவர் கூப்பிட்டால் காதில் விழுகிறது என்று மிகுந்த பாராட்டுப் பெற்றது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் நடுவே சாம்பாருக்கும் இடம் இருப்பதை விமர்சகர்கள் கவனிக்கத் தவறினார்கள்.

பாஹைப் பொறுத்தவரை எங்கள் ஆள்களுக்குப் பயிற்சி முன்பே உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அடுத்தடுத்த இரண்டு தோட்டத்துக் கோயில்களில் ஒரே நாளில் திருவிழா, இரண்டிலும் ஒரே ஈஸ்வரி கேசட் என்று வைத்துக்கொள்வோம். நடுக்காட்டில் நிற்பவருக்கு ஒரு பாட்டு பக்கத்திலிருந்தும், அதே பாட்டு சற்றுப் பின்தங்கித் தொலைவிலிருந்தும் வரும். ஒரு குரல் தொடங்கிய மெட்டை இன்னொரு குரல் தாமதித்து எடுத்துக்கொண்டு துரத்துவதை அந்த ஜெர்மானியர் பேனாவும் மையும் செலவழித்து எழுதினார். இங்கே அது ஆண்டுக்கொரு முறை இலவசம்.

ஆங்கில ஆல்பங்களும் இங்கு வந்ததுண்டு. தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' (1967) பற்றி ஒரு பாட்டியின் தீர்ப்பு: இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு மட்டும் தேறும், அந்தப் பையனுக்குப் பஜனைப் பழக்கம் இருக்கிறது. அது ஜார்ஜ் ஹாரிசன் தம்புராவும் தபலாவும் தில்ரூபாவும் வைத்துப் பாடியது என்பது பாட்டிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிங்க் ஃபுளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) அமெரிக்கப் பட்டியலில் 1988க்குள் 741 வாரம் இருந்ததாம். அதில் ஒரு பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அலறும். விடியுமுன் எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு ஓடுபவரிடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சத்தத்தை விலைக்கு விற்கப் பார்த்தால் என்ன நடக்கும்? வாளி பறந்தது என்று கேள்வி.

வானொலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆறாம் அலைவரிசை, பிற்பாடு மின்னல் பண்பலை. நேயர் விருப்பத்தில் பாட்டைவிடப் பாட்டுக்கு முன் வாசிக்கும் பெயர்ப் பட்டியலுக்கே காது முழுசாகத் திறக்கும். பட்டியலில் தம் வீட்டுப் பெயர் வந்தால் அடுத்து வரும் பாட்டு காவியம், எதிர்வீட்டுப் பெயர் வந்தால் "இதெல்லாம் ஒரு பாட்டா?"

குழாயின் ஆட்சிக்கு முதல் அடி 1992இல் 'ரோஜா'வால் விழுந்தது. டைம் பத்திரிகை அதைச் சிறந்த பத்துத் திரையிசைகளில் ஒன்றென அறிவிக்க 2005 ஆயிற்று. கோயிலுக்குக் குழாய் கட்டும் மைக் செட் மாமா முதல் வாரமே சொன்னார்: "இது நம்ம குழாய்க்கு ஆவாதுடா. பொட்டி வாங்கணும்." பெட்டி ஸ்பீக்கர் வந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் போய்க் காரின் பின்பெட்டிக்குள் சப்வூபர் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கென்றே வந்தது போல 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரின் 'வல்லவன்' வந்தது. அதில் 1980இன் 'நிழல்கள்' படப் பாட்டொன்றை எடுத்து நடுவே பேசினார்கள். பெரியவர்களுக்குக் கோபம்: பாடும்போது என்ன பேச்சு? என் கணிப்பு வேறு. அந்த இளையராஜா மெட்டின் அடிச் சுருதியை இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் முதன்முறையாகக் கேட்டதே அன்றுதான், அதுவும் சாலையில் கடந்துபோன பேரன் காரிலிருந்து. இருபத்தாறு ஆண்டுகள் அரசமரத்தில் அடைபட்டிருந்த பேஸ் கிட்டார் அப்படித்தான் விடுதலை ஆயிற்று.

கட்டுரையை முடித்தபின் அந்த மைக் செட் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடா தம்பி. மத்த கேசட்டெல்லாம் கல்யாண வீட்டுக்காரனுங்க இரவல் வாங்கிட்டுப் போயித் திருப்பித் தரல. ஈஸ்வரி கேசட்ட மட்டும் பூசாரி ஐயா அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாரு. வேற என்னாத்த போடறது?"

இது தனிநபர் ஒருவரின் வாய்மொழி. ஒரு கோட்பாட்டை அசைக்க இது போதாது. தவிர, அத்தனை கேசட்டுகளில் பூசாரி ஐயா பூட்டி வைக்கத் தேர்ந்தது எதை என்று கவனிக்க வேண்டும். அவர் வீட்டு வாசல் குழாய்க்கு நேர் எதிரே.