துண்டும் தீர்ப்பும்: வெள்ளகோவில் வட்டாரச் சந்தேகவியல் குறித்து ஒரு முன்னாய்வு

விளையாட்டு ரசிகர்கள் பேசுவது இரண்டே பொருள்களைப் பற்றி. நம் அணி வென்றால் வியூகம்; தோற்றால் ஓரவஞ்சனை. இவ்விரண்டுக்கும் நடுவே ஆட்டம் என்று மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு என்பாரும் உளர். வெள்ளகோவிலில் நடத்திய களப்பணியில் அதற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு நேர்மை.

வெள்ளகோவில், கோவையிலிருந்து கரூர் போகிற நெடுஞ்சாலையில் காங்கயம் தாண்டி வரும் ஊர். முருங்கைக்காய்க்கும் விசைத்தறிக்கும் பேர் போனது. தறிக்காரர், முருங்கைக்காய் வியாபாரி, நூல் கடைக் கணக்கர், டவுன் பஸ் கண்டக்டர் ஆகிய நால்வகை அறிஞர்களும் பொழுதுசாய ஒரு பேக்கரியில் கூடுவார்கள். இந்த அவையில் பேசத் தகுதி ஒன்றே: ஆட்டத்தை முழுசாகப் பார்த்திருக்கக் கூடாது. முழுசாகப் பார்த்தவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பிறகு பேச என்ன இருக்கிறது?

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காலம், 2025ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிரீமியர் லீக். 2016இல் தொடங்கிய இந்தத் தொடரில் எட்டு அணிகள். அவற்றுள் ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் ‘நம்ம’ அணி. இந்த ‘நம்ம’வுக்குள் புகுந்து பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். அணி 2019 வரை காரைக்குடிக் காளையாக இருந்தது. ஊரோ 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும்வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. தவிரவும், 2025 ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று நான்கு ஊர்களில் நடந்தன. திருப்பூரில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஆக, எங்கிருந்தோ வந்த அணியை, எங்கிருந்தோ வந்த ஊர், சொந்த மண்ணில் பார்க்காமலே தன்னுடையது என்கிறது. இளைஞர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, “கட்டிக் குடுத்தாச்சுன்னா அந்த ஊட்டுப் புள்ளதானுங் தம்பி” என்று முருங்கைக்காய் வியாபாரி விடையளித்தார். உறவுமுறைச் சட்டத்தில் இதற்கு மறுப்பு கிடையாது.

இனி முதல் சான்று. ஜூன் 8 அன்று கோவையில் திருப்பூரும் திண்டுக்கல் டிராகன்ஸும் மோதின. திண்டுக்கல் கேப்டன் அஸ்வின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, திருப்பூர் கேப்டன் சாய் கிஷோரின் பந்தில் எல்பிடபிள்யூ ஆனார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதுபோல் மறுஒளிபரப்பில் தெரிந்தது. ஆனால் மேல்முறையீட்டுக்கு வழியில்லை. இரண்டு ரிவ்யூவையும் வைடு பந்துகளுக்கே திண்டுக்கல் அணியினர் செலவழித்திருந்தார்கள். அஸ்வின் அம்பயரிடம் வாதாடினார், போகிற போக்கில் பேட்டால் பேடை ஓர் அடி அடித்தார். ஆட்ட ஊதியத்தில் 30 விழுக்காடு அபராதம் விழுந்தது: அதிருப்தி காட்டியதற்கு 10, பொருளை அடித்ததற்கு 20. திண்டுக்கல் 93க்குச் சுருண்டது. திருப்பூர் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

பாமரர் இதில் என்ன காண்பார்? சந்தேகத்துக்கிடமான தீர்ப்பு ஒன்று நமக்குச் சாதகமாக வந்தது, நாம் ஜெயித்தோம் என்று காண்பார். அவை அப்படிக் காணவில்லை. “ரிவ்யூ தீந்துபோச்சுன்னு தெரிஞ்சே கால்ல போட்டான் பாருங்க, அதானுங் மூளை” என்றார் தறிக்காரர். தீர்ப்பு இவ்வாறு வியூகத்தில் வரவு வைக்கப்பட்டது. அபராதமோ ஓரவஞ்சனைக் கணக்குக்குப் போனது. பெரிய ஆள் என்பதால்தான் 30 விழுக்காட்டோடு விட்டார்கள் என்பது தறிக்காரர் கட்சி. கணக்கர் இன்னும் ஆழம் போனார்: “சாதகம் பண்ணப்போறவன் மொதல்ல ஒரு தண்டனை குடுத்து வெப்பானுங். நாளைக்கு எவனும் கேக்க முடியாதுல்ல?” தண்டனை குறைந்தால் சலுகை, கூடினால் சலுகைக்கு முன்னேற்பாடு. இப்படி இரண்டு பக்கமும் அடைத்த கோட்பாட்டை அறிவியலார் குறைபாடு என்பர். வெள்ளகோவிலில் அதற்கு அனுபவம் என்று பேர்.

இவற்றையெல்லாம் திரட்டி நாம் வகுத்த நூற்பா வருமாறு:

தனக்குறின் வியூகம்; பிறர்க்குறின் சலுகை;
யார்க்கும் உறாவழி மழையென மொழிப.

இரண்டாம் அடிக்கு எடுத்துக்காட்டு இதே தொடரின் 2022 இறுதி ஆட்டம். கோவையில் மழை பெய்ய, சேப்பாக்கம் அணியும் கோவை கிங்ஸும் கோப்பையைப் பங்குபோட்டுக்கொண்டன. அந்த மழை யார் சொல்லிப் பெய்தது என்பது குறித்துத் தனிக்கட்டுரை எழுத வேண்டும். முதல் அடிக்குச் சென்னை சூப்பர் கிங்ஸே போதும். 2023 மே 23, சேப்பாக்கம், குஜராத்துக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டம். களத்தைவிட்டு வெளியே போய்வந்த பதிரனா உடனே பந்துவீச விதி இடம் தரவில்லை. தோனி அம்பயர்களோடு சுமார் நான்கு நிமிடம் பேசிக்கொண்டே நின்றார், காத்திருக்க வேண்டிய நேரம் அந்தப் பேச்சிலேயே கரைந்தது, பதிரனா பந்துவீசினார். இதை வியூகத்தின் உச்சம் என்று கண் கலங்கியவர்களும், 2019 மே 12 இறுதி ஆட்டத்தில் தோனியை மூன்றாவது அம்பயர் ரன் அவுட் என்றபோது, மும்பை ஒரே ஒரு ரன்னில் கோப்பையைத் தூக்கியபோது, லீகே மும்பைக்கு எழுதிக்கொடுத்தது என்று கண் கலங்கியவர்களும் ஒரே ஆட்கள்தாம். கண்ணும் அதே கண்.

இது கொங்கு நாட்டுக்கே உரிய குணம் என்று எவரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் 1951இல் மோதிய ஒரு முரட்டு ஆட்டத்தின் படத்தை, ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, 1954இல் கட்டுரை எழுதினார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் கண்ட தவறுகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். படம் ஒன்றுதான். பேக்கரி இல்லாத ஊரிலேயே இந்த நிலை.

கூடைப்பந்து ரசிகர்கள் இத்துறையில் நமக்கு மூத்தவர்கள். 1985இல் என்பிஏ முதன்முதலாகக் குலுக்கல் போட்டு, அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரரான பாட்ரிக் யூவிங்கை எடுக்கும் வாய்ப்பை நியூயார்க் அணிக்குக் கொடுத்தது. நியூயார்க்கின் உறையை மட்டும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள், கை வைத்ததும் குளிர்ச்சியில் அடையாளம் தெரிந்தது என்று நாற்பது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். 2002இல் சாக்ரமென்டோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் அணி தன் நட்சத்திரம் டான்சிச்சை அதே லேக்கர்ஸுக்குத் தாரைவார்த்தது. மே மாதக் குலுக்கலில், வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பிருந்த டல்லாஸுக்கே முதலிடம் விழுந்தது. ஆய்வாளர் இங்கே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: 1985 குலுக்கல் நடந்த நாள் மே 12. 2025 குலுக்கல் நடந்த நாள் மே 12. தோனி ரன் அவுட் ஆன நாளும் மே 12. இதைப் படித்துக்காட்டியபோது அவையில் டீ ஆறியது. “நாஞ் சொல்லல?” என்றார் கணக்கர். அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது குறிப்பேட்டில் உள்ளது.

நியாயத்துக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சந்தேகப்படுகிறவர் எப்போதும் தவறு என்பதும் சரியல்ல. டிம் டோனகி என்ற என்பிஏ ரெஃப்ரி தான் நடுவராக நின்ற ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டியதாக 2007இல் ஒப்புக்கொண்டு, 2008இல் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இங்கேயும், கிரிக்கெட் வாரியத்தின் தலைவரே ஓர் அணியின் உரிமையாளராகவும் இருக்க வழிசெய்த விதித்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. ஜூலையில் லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டாண்டுத் தடை விதித்தது. ஒரு வீட்டில் ஒருமுறை திருட்டுப் போனால் அப்புறம் காணாமற்போகும் கரண்டிக்கெல்லாம் திருடன்தான் பொறுப்பு.

இப்போது துண்டுக்கு வருவோம். இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான்.

ஜூன் 14 அன்று சேலத்தில் திண்டுக்கல், மதுரை பாந்தர்ஸை ஒன்பது விக்கெட்டில் வென்றது. பின்னர் மதுரைத் தரப்பிலிருந்து லீகுக்கு ஒரு புகார் போனது: ரசாயனம் ஏற்றிய துண்டால் பந்தைத் துடைத்தார்கள், பந்து கனத்துப்போனது, பேட்டில் பட்டபோது உலோகம்போல் சத்தம் கேட்டது. லீக் நிர்வாகம் சொன்ன பதில்: துண்டுகளைத் தந்தது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், இரு அணிகளுக்கும் ஒரே துண்டு, பந்தை அம்பயர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், ஆதாரம் இருந்தால் கொடுங்கள். புகார் நிலைக்கவில்லை.

தமிழகத்தின் மற்ற ஊர்களில் இந்த விவகாரம் அஸ்வினைப் பற்றியது. வெள்ளகோவிலில் அது துண்டைப் பற்றியது. பக்கத்தில் சென்னிமலை, கிழக்கே கரூர். துண்டும் பெட்ஷீட்டும் நெய்து உலகுக்கு அனுப்புகிற பூமி. வெறும் ரசிகர்களாக இருந்தவர்கள் அன்று முதல்முறையாகத் துறைவல்லுநர்கள் ஆனார்கள். “ரசாயனம் படாத துண்டு ஒலகத்துல ஏதுங்?” என்று தறிக்காரர் தொடங்கினார். பாவில் கஞ்சி ஏற்றுவது எதற்கு, நெய்தபின் அந்தக் கஞ்சியை எடுக்காவிட்டால் துண்டு தண்ணீர் இழுக்காதது ஏன், காஸ்டிக் போட்டு வேகவைப்பது, பெராக்சைடில் வெளுப்பது, கடைசியில் மெத்தென்று இருக்கச் சாஃப்ட்னர் ஏற்றுவது, அது கூடிப்போனால் துண்டு கன்னத்துக்குச் சுகமாகவும் ஈரத்துக்கு உதவாமலும் போவது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் நின்றதைப் பார்த்த வட்டாரத்துக்கு, 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நினைவு வைத்திருக்கிற வட்டாரத்துக்கு, துணிக்குள் என்னென்ன போகும் என்று வெளியூர்க்காரர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் முடிவு: பந்தைக் கனக்க வைக்கிற அளவு ரசாயனம் துண்டில் இருந்தால், துடைத்தவன் கை முதலில் வெந்திருக்கும். இந்தத் தொடர் முழுவதும் அந்தப் பேக்கரியில் பிறந்த ஒரே அறிவியல் வாக்கியம் அது. உடனே அதை ஒதுக்கிவைத்தார்கள். “அப்ப வேற ஏதோ துண்டுங்” என்றார் வியாபாரி.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சந்தேகம்? இங்கே ஆய்வாளர் தம் கருத்தைச் சொல்லலாம். நூல் விலையை மில்காரர்கள் மாதத்தின் முதல் தேதி அறிவிக்கிறார்கள். எதற்கு ஏறியது, எதற்கு இறங்கியது என்று தறிக்காரரை யாரும் கேட்பதில்லை. 2025 வசந்தத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதம் நின்றன. ஏற்கெனவே பேசி முடித்த கூலியே கைக்கு வரவில்லை என்பது அவர்கள் குறை. முருங்கைக்காய் இன்றைக்குத் தங்கம், அடுத்த மாதம் மாட்டுக்கு. தம் பிழைப்பின் ஒவ்வொரு எண்ணையும் கண்ணுக்குத் தெரியாத யாரோ தீர்மானிக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவர், எல்பிடபிள்யூவை மட்டும் பந்தும் காலும் சேர்ந்து தீர்மானித்ததாக ஏன் நம்ப வேண்டும்? பிரின்ஸ்டன் மாணவர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது.

ஜூலை 6, இறுதி ஆட்டம். எதிரணி, வேறு யார், திண்டுக்கல். களம் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம். முந்தைய ஆண்டு இதே திண்டுக்கல்தான் பிளே ஆஃபில் திருப்பூரை ஒன்பது விக்கெட்டில் வீட்டுக்கு அனுப்பிக் கோப்பையும் வாங்கியது. கூட்டத்தின் இரைச்சல் நடுவரை அசைக்கும் என்பதற்கும் ஆய்வு உண்டு: 2002இல் இங்கிலாந்தில் 40 ரெஃப்ரிகளுக்குக் கால்பந்துப் படம் காட்டியதில், சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவாகவே ஃபவுல் சொன்னார்கள். எனவே எல்லாம் முடிவாகிவிட்டது என்று அவை ஒருமனதாகத் தீர்மானித்து, தோல்விக்கான காரணங்களை முதல் நாளே எழுதி முடித்திருந்தது.

திருப்பூர் 220 அடித்தது. துஷார் ரஹேஜா 46 பந்தில் 77, அமித் சாத்விக் 34 பந்தில் 65. திண்டுக்கல் 102க்கு ஆல் அவுட். 118 ரன்னில் முதல் கோப்பை.

மறுநாள் மாலை பேக்கரியில் ஓர் இழவு வீட்டு அமைதி. கோட்பாட்டைப் பழுதுபார்க்கும் வேலையைக் கணக்கர்தான் எடுத்துக்கொண்டார். துண்டு விவகாரத்தில் லீகின் பேர் கெட்டுவிட்டது. அதைச் சரிக்கட்டத்தான் நம்மை ஜெயிக்க விட்டார்கள். “நூத்திப் பதினெட்டு ரன்னுங்கறது இயற்கையாவா இருக்குதுங்?” வியாபாரி இன்னொரு படி மேலே போனார்: பனியனுக்குப் பேர்போன ஊர் ஜெயித்தால் டி-ஷர்ட் விற்கும், அதுதான் கணக்கு. எந்த அணியின் பேரை அச்சடித்தாலும் திருப்பூரில் தையல் கூலி ஒன்றுதான் என்று தறிக்காரர் நினைவூட்டியும் அவர் அசையவில்லை. நாம் வென்றதே நமக்கு எதிரான சதியாகிக்கொண்டிருந்த வேளையில், மூலையிலிருந்து கண்டக்டர் வாய் திறந்தார். அவருக்கு முந்தின நாள் வார விடுப்பாம். ஆட்டத்தை முதல் பந்திலிருந்து பார்த்துவிட்டாராம்.

“நம்மாளுங்க நல்லா அடிச்சாங்க. அவிங்களால முடியல. அவ்ளோதானுங்.”

யாரும் பேசவில்லை. தறிக்காரர் தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கண்டக்டரைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார்.

“அப்ப துண்டு எதுக்குங் கொடுத்தாங்க?”