கிட்டார் இல்லாத கச்சேரி

கேள்வி: கேரி நியூமனின் 'தி பிளெஷர் பிரின்ஸிபிள்' இசைத்தட்டு முழுவதும் யந்திர ஓசைதானே, அதில் ஜீவன் எங்கே இருக்கிறது?

பதில்: பயத்தில் இருக்கிறது. 1979இல் வெளிவந்த அந்தத் தட்டில், பெண் வேண்டாம், சீர்வரிசை மட்டும் வரட்டும் என்பதுபோல், கிட்டாரை அடியோடு விலக்கிவிட்டு, கிட்டாருக்கென்றே பிறந்த மிதிபெட்டிகளின் வழியே மினிமூக் வாத்தியத்தின் கனத்த நாதத்தைச் செலுத்திய அவர், லண்டன் வீதியில் தம்மைத் தாக்க வந்தவர்களுக்கு அஞ்சிக் காரின் கதவுகளைத் தாழிட்டுக்கொண்ட அனுபவத்தையே 'கார்ஸ்' என்ற கீதமாக்கினார். யந்திரத்துக்கு ஏது ஐயா பயம்? இன்னும் சந்தேகமிருந்தால், அந்தச் செயற்கை நாதங்களுக்கு அடியில், ஸெட்ரிக் ஷார்ப்லி தம் இரு கரங்களாலேயே வாசித்திருக்கும் டிரம்ஸைக் கவனித்துக் கேளுங்கள்.