பத்து மாத அட்வான்ஸ்

கேள்வி: சென்னையில் ப்ளாட் வாடகைக்குப் பார்க்கப் போனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்களே, சட்டத்தில் அதற்கு இடமுண்டா?

பதில்: இருக்கிறது, சுற்றுவழியில். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். பத்து மாதம் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

வாடகை 20,000 என்றால் 2 லட்சம் வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் தூங்கும். 7 சதவீத டெபாசிட்டில் கிடந்தால் வருடத்துக்கு 14,000 ரூபாய். காலி செய்யும்போது 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகை கழியும். குடிபோகும் அன்றே சுவரில் உள்ள ஆணி ஓட்டைகளைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது. பாக்கி போக மீதியை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

பழைய வரிமுறையில் எச்.ஆர்.ஏ. சலுகை வேண்டுமா? வருட வாடகை 1 லட்சம் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தேவை. கேட்டதும் முகம் மாறும். தீபாவளி சமயத்தில் மைசூர்பா டப்பாவோடு போய்க் கேட்பவர்கள் உண்டு. அவருக்குச் சர்க்கரை என்றால் மிக்சர்.