ஆட்டமும் கூட்டமும்

கம்ப்யூட்டரில் கிரிக்கெட் விளையாடுவதைவிட, அதைப் பற்றி இணையத்தில் முகமறியாதவர்களோடு வாதிப்பதில்தான் என் மகன் பரமானந்தம் காண்கிறானே, இது அடுக்குமா?
– ஒரு தகப்பனார், மேச்சேரி

டீக்கடை ரேடியோவைச் சூழ்ந்து நின்று, இந்தியக் கேப்டனுக்கே புத்தி சொன்ன தலைமுறை கேட்கும் கேள்வியா இது? 2006-இல் 'கிரிக்கெட் 07' ஆட்டத்தை வெளியிட்ட இ.ஏ. நிறுவனம், உரிமை வாய்க்காமையால் நம் வீரர்களின் நாமதேயங்களை உருமாற்றிப் போட்டு, பின்னர் கிரிக்கெட்டையே கைகழுவிவிட, இப்படி இணையத்தில் கூடி வாதிட்ட, பிரதிபலன் கருதாத ரசிகர்களன்றோ மெய்ப்பெயர்களையும் புதுச் சட்டைகளையும் ஏற்றி அதனைச் சிரஞ்சீவியாக்கினார்கள்! 2020-இல் இந்திய அணியில் இடம்பெற்ற உங்கள் ஜில்லாச் சின்னப்பம்பட்டி நடராஜன் அப்பழைய ஆட்டத்தில் யார்க்கர் வீசக்கூடுமானால், அது அக்கூட்டத்தாரின் புண்ணியமே.

பரீட்சைக் காலத்திலும் வாதம் ஓயாவிடில், அம்பயர் நீங்கள்தான். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி 'ஸ்டம்ப்ஸ்' அறிவித்துவிடலாம்.