குழல் அகலம்

ஆப்பிரிக்கக் காட்டில் யானையும் எருமையும் சுடப் புறப்படும் பணக்காரருக்குத் துப்பாக்கிக் குழல் எவ்வளவு அகலமோ அவ்வளவு தைரியம். 1988-இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்றொரு இரட்டைக்குழலைச் செய்து கொடுத்தது. ஒரு தோட்டாவின் ஈயக்குண்டு மட்டும் ஏறக்குறைய 65 கிராம். துப்பாக்கியைச் சுமக்க ஓர் ஆள். சுட்டபின் ஐயாவின் தோளுக்குத் தைலம் தேய்க்க இன்னோர் ஆள்.

ஸ்காட்லாந்துக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார், பெரும்பாலும் வெறும் 7 மில்லிமீட்டர் குழலுள்ள ரைஃபிளால். மகாபாவம்தான். ஆனால் மனிதர் யானை மண்டையை ரம்பத்தால் அறுத்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறதென்று பார்த்துவைத்திருந்தார். அவ்வளவு மெனக்கெடுவானேன் என்று நம் பணக்காரர் விலைப்பட்டியலைப் புரட்டுகிறார். மூளை எங்கே என்று கடைக்காரரும் கேட்பதில்லை.