கிளம்பாப் பூதம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையைத் தமிழ் உலகம் நன்கு அறியும். கிணற்றையும் வெட்டி, தாம்பூலமும் வைத்து அழைத்த பிறகு பூதம் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு நம்மிடம் ஒரு பழமொழிகூட இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

கிளம்பாமை யாது எனின், கணினியில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்ததும் திரைமறைவில் தானாக எழ வேண்டிய சேவை எழாதிருத்தல். இவ்வாய்வாளரின் லினக்ஸ் கணினியில் எழாதது தமிழ்99 தட்டச்சுக்கான சேவை. மூன்று வாரமாக, அது எழாத நாள்களில் 'அம்மா' என்று தட்டும்போதெல்லாம் திரையில் 'ஏ, கே, கே, க்யூ' என நான்கு ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. பெற்றவளை அப்படி விளிக்க நேர்ந்த துயரமே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல்.

2. சொல்லாராய்ச்சி

இத்தகைய சேவைகளை யூனிக்ஸ் மரபினர் 'டீமன்' என்பர். 1960-களில் எம்.ஐ.டி.யின் புராஜெக்ட் மேக் குழுவினர் இட்ட பெயர் அது. இயற்பியலர் மேக்ஸ்வெல் 1867-இல் கற்பனை செய்த குட்டிப் பூதத்திலிருந்து அதை எடுத்தார்கள். வேகமான மூலக்கூறு ஒருபுறமும் மெதுவானது மறுபுறமும் சேரும்படி ஒரு சிறு கதவைத் திறந்து திறந்து மூடுவது அப்பூதத்தின் வேலை. சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, அயர்வும் இல்லை. பெயர் வைத்தவர்கள் அதன் உழைப்பைக் கண்டு மயங்கினார்களே தவிர, அதைக் காலையில் எழுப்புவது யார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அந்தப் பொறுப்பு 2010-இல் அறிமுகமான சிஸ்டம்டி என்னும் மேலாளரைச் சேர்ந்தது. கணினிக்கு ஒரு மேலாளர் இருப்பதோடு, உள்ளே நுழையும் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு குட்டி மேலாளரும் உண்டு.

3. முன்னோர் நெறிகள்

இத்துறையில் மூன்று நெறிகள் வழங்குகின்றன. 'அணைத்துப் போடு' என்பது முதல் நெறி. இதுவே தொன்மையானது, பின்பற்றுவோர் தொகையிலும் பெரியது. 'அழித்துவிட்டு மறுபடி ஏற்று' என்பது இரண்டாவது. 'பதிவேட்டைப் படி' என்னும் மூன்றாம் நெறியினர் அருகியே காணப்படுகின்றனர்.

முதல் நெறி சில நாள் பலிக்கும். அதுதான் அதன் ஆபத்து. ஒரே சேவை திங்கட்கிழமை எழுந்து செவ்வாய்க்கிழமை எழாவிட்டால், இரண்டு வேலைகள் 'நீ முந்தியா, நான் முந்தியா' என்று ஓடுகின்றன என்று பொருள். அணைத்துப் போடுவது அந்த ஓட்டப்பந்தயத்தை மறுபடி நடத்துவதே அன்றித் தீர்ப்பு ஆகாது.

4. வகைப்பாடு

கிளம்பாப் பூதம் நால்வகைப்படும்.

அழையாப் பூதம்: மேலாளரிடம் 'ஸ்டார்ட்' என்றால் இன்று மட்டும் வா என்று பொருள், 'எனேபிள்' என்றால் தினமும் வா என்று பொருள். முன்னதை மட்டும் சொல்லிவிட்டு மறுநாள் பூதத்தைத் திட்டுவது அறமன்று. இதன் உட்பிரிவு, அழைப்பிதழில் மண்டபத்தின் பெயர் மாறிய பூதம். முழுக் கணினிக்கும் உரிய 'மல்ட்டி-யூசர்' இலக்கை, அதாவது பூதங்கள் கூட வேண்டிய மண்டபத்தை, பயனர் சேவையின் கோப்பில் எழுதிவிட்டால், குட்டி மேலாளரிடம் அப்படி ஓர் இலக்கே கிடையாது. கேட்டால் 'எனேபிள்ட்' என்று பதில் வரும். பூதம் மட்டும் வராது.

வழி தெரியாப் பூதம்: 'கையால் ஓட்டினால் ஓடுகிறதே!' என்னும் புகழ்பெற்ற புலம்பல் இவ்வகைக்கு உரியது. கையால் ஓட்டும்போது டெர்மினலில் இயங்கும் பாஷ் உங்கள் 'பாஷ்ஆர்சி' கோப்பைப் படித்து, எந்த நிரல் எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொண்டிருக்கும். பூதம் அதைப் படிப்பதில்லை. அது வெறுங்கையோடு எழுகிறது. நிரலின் முழு முகவரி தரப்படாமலோ தவறாகவோ இருந்தால் 203 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடும்.

முந்திய பூதம்: பந்தி போடுமுன் இலையில் உட்கார்வது. சேவையின் கோப்பில் 'ஆஃப்டர்' என்ற சொல் வரிசையை மட்டும் சொல்லும். 'வான்ட்ஸ்' என்ற சொல் துணையை மட்டும் அழைக்கும். ஒன்றை எழுதினால் மற்றதும் அடங்கிவிடும் என்று நம்புவோர் பலர்.

சலித்த பூதம்: விழுந்தால் மறுபடி எழு என்று எழுதி வைத்திருந்தால், வேதாளம் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறும். வேறொன்றும் குறிப்பிடாவிட்டால் 10 விநாடிக்குள் 5 முறைதான் மேலாளர் பொறுப்பார். அதன்பின் விட்டுவிடுவார். 25 கதை வரை பொறுத்த விக்கிரமாதித்தனோடு இவரை ஒப்பிடலாகாது.

5. கள ஆய்வு

இவ்வாய்வாளர் முதலிரண்டு நெறிகளையும் பக்தியோடு கடைப்பிடித்தார். பின்னர், சேவையைத் தொடங்குமுன் ஒரு கணம் தூங்கும்படி அதன் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். எழாதவனை எழுப்ப இன்னும் கொஞ்சம் தூங்கச் சொன்ன இம்முறை சில நாள் பலித்தது. கணினி மந்தமாக இருந்த நாள்களில் பலிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள், வேறு வழியின்றி, ஜர்னல் எனப்படும் பதிவேட்டைத் திறந்தார். திரையைத் திறக்க முடியவில்லை என்ற ஒரே செய்தி, அடுத்தடுத்து ஐந்து முறை. அதன்கீழ் மேலாளரின் கைவிரிப்பு. முந்திய பூதமும் சலித்த பூதமும் ஓருடலில் குடியிருந்தமை இதனால் தெளிவாயிற்று. வரைகலைத் திரை எழுமுன்னே சேவை எழுந்து, எழுத இடம் தேடி, ஐந்து முறை முட்டிக்கொண்டு சாய்ந்திருக்கிறது. கோப்பில் இரண்டு வரிகள் மாறின: வரைகலை அமர்வின் இலக்கே இதை அழைக்க வேண்டும், அந்த இலக்குக்குப் பின்னரே இது எழ வேண்டும். தூங்கச் சொன்ன வரி நீக்கப்பட்டது.

6. முடிபு

பூதம் சோம்பேறி அன்று. நாம் கண் விழிக்கும் உலகில் திரையும் வழியும் ஏற்கெனவே இருக்கின்றன. அது கண் விழிக்கும் உலகில் அவை இல்லை. இல்லாததை அது ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் அதைப் படிக்காதவர் ஆய்வாளர் ஒருவரே.

இக்கட்டுரை முழுவதும் தமிழ்99-இல் தட்டப்பட்டது. இப்போது 'அம்மா' என்று தட்டினால் அம்மா என்றே வருகிறது.