இனி அமையவிருக்கும் குழுவுக்கு

பெறுநர்: பாலாற்று மாசு குறித்து அமைக்கப்பட்ட, அமைக்கப்பட்டுவரும், இனிமேல் அமைக்கப்படவிருக்கும் குழுக்கள் அனைத்தின் தலைவர்கள்.

பொருள்: நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மேன்மை தங்கிய ஐயா, அம்மா,

போன திங்கட்கிழமை மனுவோடு குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் பையைத் துழாவினார்கள். என்னிடம் இருந்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், மஞ்சளும் பழுப்புமாக. காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா பெருசு இது?"

"தண்ணி சார். எங்க கெணத்துத் தண்ணி."

"தண்ணின்னா குடிச்சுக் காட்டு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடிக்கவில்லை. ஆகவே அது தண்ணீர் இல்லை என்று முடிவாகி, பாட்டில் பறிமுதலானது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் பிரிக்காமலே சொன்னார்: "இந்தத் தோல் தொழில்தான் ஊருக்கே சோறு போடுது. கொஞ்சம் நன்றியோட இருங்க."

அந்த நன்றியைத்தான் இப்போது எழுத்தில் செலுத்துகிறேன்.

முதலில் 1996க்கு நன்றி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். எங்கள் கிணறு கெட்டதால் எத்தனை பிள்ளைகள் வக்கீலாகியிருக்கிறார்கள்! தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் ஓர் இழப்பீட்டு உத்தரவு, 2009இல் இன்னொன்று. 2025 ஜனவரி 30ஆம் தேதி நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு, அந்த உத்தரவுகளின் பணம் இன்னும் போய்ச் சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்றது. கூடவே, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு.

எங்கள் பக்கம் தென்னை குரும்பையிலேயே உதிர்கிறது, நெல் பதராகிறது. குழு மட்டும் எந்தத் தண்ணீரிலும் முளைக்கிறது. உப்பு தாங்கும் ரகம். சொர்ணவாரிக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று, நவரைக்கு ஒன்று, ஊடுபயிராகத் துணைக்குழு. வெள்ளாமை என்ன கண்டது என்று கேட்டால், அறிக்கை இன்னும் களத்துக்கு வரவில்லை என்கிறீர்கள்.

நான் நன்றி கெட்டவன் இல்லை. தம்பி மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் வருகிறது. தோல் தண்ணீரைக் கெடுக்க, அதே தோல் கேனுக்குக் காசு கொடுக்க, எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு!

குடிமகனின் கடமையிலும் நாங்கள் குறை வைக்கவில்லை. வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கியில்லை. 2019 ஜூலையில் சென்னை நாக்கு வறண்டு நின்றபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். பாலாற்றங்கரையில் இருக்கிற எங்களுக்காக மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி அது. அதே ஆண்டு நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானபோதும் கைதட்டினோம். ஆறு ஒன்றுதான், மனு கொடுக்க இப்போது மூன்று கலெக்டர் ஆபீஸ். குழுவுக்கும் சாகுபடிப் பரப்பு மூன்று மடங்கு.

ராணிப்பேட்டையை மறந்தால் பாவம். 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு, உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேடு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். உலக அளவில் பத்துக்குள் வருவது லேசா?

அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்டில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். சுத்தம் செய்யக் கட்டிய இடம் ஐயா அது. தூங்குகிறவன் வாயில் தோல் கழிவை ஊற்றிக் கொன்றிருக்கிறது. அந்தச் சுவர் தாங்குமா என்று பார்க்கச் சம்பளம் வாங்கியவன் ஒருத்தன்கூட இல்லையா? ஊருக்குச் சோறு போடும் தொழில் என்றாரே, செத்தவர்கள் அந்தச் சோற்றுக்கு யாரிடம் வந்து நன்றி சொல்ல வேண்டும்?

மன்னிக்கவும். நன்றிக் கடிதத்தில் சத்தம் கூடாது. அதை விசாரிக்கவும் நீங்கள் ஆள் அனுப்பியிருப்பீர்கள்; அதற்கும் நன்றி.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடுத்த குழு கள ஆய்வுக்கு வரும்போது பகலில், வெயிலில், சால்வைக்கு நடுவே வர வேண்டாம். மழை பிடித்த ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆம்பூர் பக்கம் மாராப்பட்டு பாலத்துக்கு வாருங்கள். வெள்ளம் வரும் நேரம் பார்த்துத்தான் கழிவைத் திறப்பார்கள். விடிந்தால் ஆற்றில் நுரை ஆளுயரத்துக்கு நிற்கும். டார்ச் நாங்கள் கொண்டு வருகிறோம். வருவதை முன்கூட்டியே தெரிவிப்பது மரபு என்று அறிவேன். தெரிவித்தே ஆக வேண்டுமென்றால், இந்த ஒரு முறை எங்களுக்கு மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் குழுக்களால் வாழும்,
பாலாற்றங்கரை விவசாயி (முன்னாள்)